வெள்ளை லைட்டுக்காரன்

நானும் என் மனைவியும் சந்தித்துக்கொள்ளும் இடம் வீடு அல்ல, ரோடு. அவளுக்குக் கையுறைத் தொழிற்சாலையில் மாலை ஆறிலிருந்து காலை ஆறுவரை வேலை. எனக்குப் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் சமையல் வேலை. அவள் கிளம்பிய பிறகு நான் வீடு திரும்புவேன்; அவள் வருவதற்குள் நான் கிளம்பிவிடுவேன். ஞாயிறு மட்டும் இருவருக்கும் விடுப்பு, அதையும் தூங்கியே தீர்ப்போம். இந்த அழகில் இருபத்தோரு வருஷக் குடித்தனம்.

கிள்ளானுக்கு வெளியே, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தை ஒட்டி ஓர் இருவழிப் பாதை. காலை ஆறேகால் வாக்கில் அங்கே அவள் மோட்டார்சைக்கிள் எதிரே வரும். அப்போதும் இருட்டுதான், இங்கே விடிய ஏழு ஆகும். அவள் இரண்டு தடவை ஹாரன் அடிப்பாள். நான் ஹெட்லைட்டை ஒருமுறை தூக்கி அடித்து இறக்குவேன். அன்றைய பேச்சு அதோடு சரி.

என் காருக்குப் பதினெட்டு வயது. ஹெட்லைட் மூடிகள் மஞ்சளடித்துப்போய், வெளிச்சம் இரண்டு எட்டு வைப்பதற்குள் களைத்துவிடும், என்னைப் போல. ஒரு மழைக்காலையில், ரோட்டோரம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போன ஓர் ஆளைக் கடைசி நொடியில்தான் பார்த்தேன். பிரேக்கை மிதித்து அவர்மேல் படாமல் நிறுத்தினேன். அது அவளாக இருந்திருந்தால் என்ற நினைப்பு வெங்காயம் நறுக்கும்போதும் விடவில்லை.

அன்று மாலையே கிள்ளானில் ஒரு கார் சாமான் கடையில் நிறுத்தி எல்இடி பல்ப் மாட்டிக்கொண்டேன். "பாஸ், இத போட்டா ரோடு பகல் மாதிரி தெரியும் லா," என்றார் கடைக்காரர். தெரிந்தது. குழி தெரிந்தது, கோடு தெரிந்தது, ஓரத்தில் படுத்திருந்த நாய் தெரிந்தது. வீட்டில் சொல்லவில்லை. பல்ப் மாற்றியதையெல்லாம் யார் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

மறுநாள் அவள் ஹாரன் அடிக்கவில்லை. மழையில் கேட்கவில்லையோ என்று நினைத்தேன். அதற்கடுத்த நாளும் இல்லை. நான் வழக்கம்போல லைட் அடித்தேன். அவள் வண்டியின் ஒற்றை விளக்கு ஓரமாக ஒதுங்கிப் போய்விட்டது. என்ன கோபமோ, யோசிக்கவும் தெம்பில்லை. ஒரு ஹாரன் அடிக்கக்கூட மனசில்லையா என்று நானும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டேன். யாரிடம்? ஸ்டியரிங்கிடம்.

இரண்டாவது வாரம் வியாழக்கிழமை போனில் அவள் குரல்பதிவு வந்திருந்தது. "ஒரு பாவி தெனமும் வெள்ள லைட்டு போட்டுக்கிட்டு வரான். கண்ணே தெரியல. இன்னிக்கி புல்லுல எறக்கி விழுந்துட்டேன், முட்டி பேந்துபோச்சி. அவன் கண்ணு அவிஞ்சி போவ."

எனக்கு ரத்தம் கொதித்தது. "நம்பர எடுத்து வை, அவன நான் பாத்துக்கிறேன்," என்று பதில் அனுப்பினேன்.

ஞாயிறு பொழுது சாயும் நேரம், முட்டியில் மருந்து தடவிக்கொண்டே கேட்டாள். "நீங்க வேற ரோட்டுல போறீங்களா? ரெண்டு வாரமா ஒங்கள காணோமே."

"அதே ரோடுதான். நீதான் ஹாரன் அடிக்கிறதில்ல."

"ஒங்க காரே வரலியே. அந்த வெள்ள லைட்டுக்காரன்தான் வரான். அதுலயும் என் கிட்ட வந்ததும் தூக்கி வேற அடிக்கிறான், திமிரு புடிச்சவன்."

தேத்தண்ணியைக் கீழே வைத்தேன். எழுந்து வெளியே போய்க் காரில் உட்கார்ந்து ஹெட்லைட்டைப் போட்டேன். நொண்டிக்கொண்டு வாசலுக்கு வந்தவள் கையால் கண்ணை மறைத்தாள். மறைத்தபடியே நின்றாள். நான் அணைத்துவிட்டு ஏச்சுக்குக் காத்திருந்தேன். ஏசியிருந்தால் தேவலை.

"ஒன்ன மாதிரி யாரையும் இடிச்சிடக் கூடாதுன்னுதான் போட்டேன்," என்றேன். சொல்லும்போதே வெட்கமாக இருந்தது.

"ஒங்களுக்கு எல்லாம் தெரிஞ்சிச்சி. எனக்கு ஒங்கள தெரியலியே," என்றாள்.

பழைய பல்புகள் காருக்குள்ளேயே கிடந்தன. அவற்றை மாட்டினேன். மூடிகளைப் பற்பசை வைத்துத் தேய்த்தோம், ஆளுக்கு ஒன்று. அவள் தேய்த்தது பளிச்சென்று ஆனது. நான் தேய்த்தது சுமார்தான்.

திங்கள் மாலை முட்டியில் கட்டோடு வேலைக்குப் போனாள். செவ்வாய்க் காலை வழக்கத்தைவிட மெதுவாக ஓட்டினேன். ஒரு குழியில் இறங்கி ஏறினேன். வளைவில் ஒற்றை விளக்கு வந்தது. லைட்டைத் தூக்கி அடிக்கப் போன கை பயந்து நின்றுவிட்டது. விளக்கு கிட்டே வந்தது, ஒதுங்கவில்லை. இரண்டு தடவை ஹாரன் அடித்தாள். எனக்குக் கண் கலங்கி, தெரிந்த கொஞ்ச ரோடும் தெரியாமல் போனது.