நாலு பக்கமும் பாதை

பம்பாய் செம்பூரில் எங்கள் காலனியின் நடுவே இருந்த காலி நிலத்தை மைதானமாக்கியது பெண்கள். அதை எங்களிடமிருந்து பிடுங்கியவர் காலனி சங்கத்தின் செயலாளர். அவரை நான் பழிவாங்கினேன். கத்தவில்லை, அழவில்லை, யாருக்கும் சாபம் கொடுக்கவில்லை. மைதானத்தை இன்னும் கொஞ்சம் அழகாக்க வழி செய்தேன், அவ்வளவுதான்.

அறுபதுகளின் தொடக்கத்தில் மாதுங்காவில் ஒற்றை அறையில் இருந்த நாங்கள் செம்பூருக்குக் குடிவந்தோம். நாங்கள் என்றால் அண்ணா, மன்னி, நான். அண்ணா ரயில்வேயில் குமாஸ்தா. நான் ஃபோர்ட்டில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். அப்பா அம்மா இல்லாத எனக்கு வரன் தேடுவதுதான் அண்ணாவின் ஞாயிற்றுக்கிழமை வேலை. மாடிக் கட்டடங்கள் நான்கு பக்கமும் நிற்க, நடுவில் நகரசபைக்குச் சொந்தமான அந்த நிலம் கிடந்தது. கருவேல முள், வீடு கட்டி மிஞ்சிய செங்கல் துண்டுகள், மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீர், தேவ்நார் பக்கத்திலிருந்து மேய வரும் எருமைகள். அதைத் தாண்டித்தான் ஸ்டேஷனுக்கு நடக்க வேண்டும்.

எங்களுக்கு நேர் கீழே குடியிருந்த மாமிக்கு மூன்று குழந்தைகள். ஒரு நாள் நான் ஆபீசிலிருந்து திரும்பும்போது, அவள் துணி காயப்போடும் கொடிக்கு மேலாக ஒரு ரப்பர் வளையத்தை எறிந்து தன் மூத்த பெண்ணைப் பிடிக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். டென்னிகாய்ட். மாதுங்காவில் பள்ளிக்கூடத்தில் நான் உயிரை விட்டு ஆடிய ஆட்டம். பையைக் கீழே போட்டுவிட்டுக் கையை நீட்டினேன். மாமி எறிந்த வளையம் உள்ளங்கையில் பளீரென்று வந்து விழுந்தது. என்ன மணிக்கட்டு அது!

"கொடிக்கு மேல எத்தனை நாள் எறியறது? அந்த நிலத்தைச் சுத்தம் பண்ணினா என்ன?" என்று மாமிதான் கேட்டாள்.

சுத்தம் பண்ணினோம். ஞாயிற்றுக்கிழமை காலைகளில், சமையலை முடித்துவிட்டு, புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு இறங்குவோம். பக்கத்துக் கட்டடங்களிலிருந்து சிந்திப் பெண்களும் மராத்திப் பெண்களும் வந்து சேர்ந்தார்கள். முள்ளை வெட்டினோம். செங்கலை கமேலாவில், அதாவது கொத்தனார்கள் மண் சுமக்கும் இரும்புச் சட்டியில், அள்ளி ஓரத்தில் கொட்டினோம். சாலை போட்டுக்கொண்டிருந்த ஒரு லாரிக்காரரை மாமி மடக்கி, தனக்குத் தெரிந்த அரைகுறை ஹிந்தியில் கெஞ்சி, ஒரு லோடு சிவப்பு முரும் மண்ணை இறக்க வைத்தாள். காலி தார் பீப்பாயில் தண்ணீரை நிரப்பி, அதையே ரோலராக உருட்டி மண்ணை இறுக்கினோம். என் கை கொப்புளித்து டைப் அடிக்க முடியாமல் ஆபீசில் திட்டு வாங்கினேன். கயிற்றைப் பின்னி வலை கட்டினோம். சுண்ணாம்பால் கோடு போட்டோம். அதன்பின் தினமும் சாயங்காலம் ஆட்டம்.

அந்த வேலையின்போதே ஒன்றைப் பார்த்திருந்தோம். செயலாளரின் வீடு தரைத்தளத்தில், மைதானத்தின் மேற்கு ஓரத்தில் இருந்தது. வீட்டுக்குப் பின்னால் மருதாணி வேலி போட்டு, உள்ளே ஊஞ்சல், வாழை மரங்கள், ஸ்கூட்டர் நிறுத்த ஒரு கொட்டகை என்று அமைத்திருந்தார். எல்லோரும் அது அவருடைய இடம் என்றே நினைத்தோம். முள் வெட்டப் போன மாமி, நகரசபையின் எல்லைக்கல் வேலிக்கு உள்ளே, அவர் வீட்டுச் சுவரை ஒட்டி இருப்பதைக் கண்டாள். அப்படியானால் அந்தத் தோட்டம் முழுக்க நகரசபை நிலம். "நம்மாத்து நிலமா என்ன, விடு" என்று அப்போது சிரித்துவிட்டோம்.

செயலாளர் ஒரு பெரிய கம்பெனியில் ஆபீசர். நாங்கள் மண் சுமந்தபோது சன்னலோரம் உட்கார்ந்து பேப்பர் படித்தபடி வேடிக்கை பார்த்தார். நிலம் சமமானதும்தான் எழுந்தார். வார்டில் உள்ள காலி நிலங்களைப் பூங்காவாக்க நகரசபை ஏற்பாடு செய்துகொண்டிருந்த சமயம் அது. வார்டு உறுப்பினரான மராத்திக்காரரை அழைத்து வந்து, "எங்கள் சங்கம் தயார் செய்து வைத்த இடம்" என்று காட்டினார். நான் ஸ்டேஷனிலிருந்து வரும்போது அந்தப் பேச்சு என் காதில் விழுந்தது. எங்கள் கோட்டின் மேலேயே செருப்புக் காலோடு நின்று சொன்னார்.

ஒரு நாள் ஆபீசிலிருந்து வந்தால் சுற்றிலும் கம்பி வேலி, கேட், பூட்டு. எங்கள் கோர்ட்டைக் கொத்தி எடுத்துவிட்டுப் புல் பதித்துக்கொண்டிருந்தார்கள். மேற்கில், மருதாணி வேலியை ஒட்டி, ஆண்களுக்கு பேட்மிண்டன் கோர்ட். எங்கள் வலை குப்பைத்தொட்டியில் கிடந்தது. விளையாட்டு, சங்கத்தின் உறுப்பினர்களுக்கு மட்டும் என்றார்கள். உறுப்பினர் என்றால் குடும்பத் தலைவர்.

பொதுக்கூட்டம் மொட்டைமாடியில் நடந்தது. பெண்கள் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தோம். நான் எழுந்து கேட்டேன்.

"சார், அந்த இடத்தைச் சரி பண்ணினது நாங்க. எங்களுக்கு ஒரு மூலையாவது விடக் கூடாதா?"

செயலாளர் என்னைப் பார்க்கவில்லை. முன்வரிசையில் இருந்த என் அண்ணாவைப் பார்த்துச் சொன்னார்: "கல்யாணத்துக்கு நிக்கற பொண்ணு. இப்படிப் புடவையைச் சொருகிண்டு எல்லார் முன்னாடியும் குதிச்சா எவன் பண்ணிப்பான்? நீங்க சொல்லக் கூடாதோ?"

சிலர் சிரித்தார்கள். அண்ணா தலையைக் குனிந்துகொண்டார். நான் நின்றுகொண்டே இருந்தேன். மாமிதான் என் புடவை நுனியைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

அதோடு விட்டிருந்தால் ஒருவேளை நானும் விட்டிருப்பேன். அடுத்த மாதம் மாதுங்காவிலிருந்து ஒரு வரன் கூடிவந்தது. பெண் பார்த்துவிட்டுப் போனார்கள், பிடித்திருக்கிறது என்றார்கள், பிறகு சத்தமே இல்லை. கிங்ஸ் சர்க்கிளில் காய்கறி வாங்கப் போன மன்னியிடம் பிள்ளையின் அம்மாவே சொல்லியிருக்கிறாள்: உங்கள் காலனி செயலாளரிடம் விசாரித்தோம், குடும்பம் நல்ல குடும்பம்தான், பெண்தான் அடங்காதவள், ஆம்பிளை மாதிரி மைதானத்தில் ஆடுகிறவள் என்றார், அதனால்தான்.

அந்தப் பிள்ளையை இழந்ததில் எனக்கு வருத்தம் இல்லை. அவன் முகம்கூட எனக்கு நினைவில்லை. ஆனால் மன்னி கீரைக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு, அதை ஆய மறந்து, அடுக்களையில் அழுதுகொண்டிருந்தாள். அதைப் பார்த்தபோது என் உள்ளே ஏதோ ஒன்று சில்லென்று ஆகிவிட்டது. கோபம் என்றால் சூடாக இருக்கும் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

கீழே போய் மாமியிடம் சொன்னேன். "மாமி, அந்த எல்லைக்கல் ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. அதுக்கென்ன? போய் கம்ப்ளெயின்ட் பண்ணப் போறியா? பொண்ணு பொறாமையில சொல்றான்னு அமுக்கிடுவார்."

"கம்ப்ளெயின்ட் எல்லாம் இல்லை. மாமாவுக்குச் சர்க்கரை வியாதி இருக்கே. டாக்டர் தினம் நடக்கச் சொல்லியிருக்காரோன்னோ?"

மாமியின் முகத்தில் மெதுவாக ஒரு சிரிப்பு பரவியது.

மாமியின் கணவர் சங்கத்தின் கமிட்டியில் இருந்தார். அதிகம் பேசாதவர். பூங்காவைச் சுற்றி நடைபாதை போட்டால் வயதானவர்களுக்கு நல்லது என்று அவர் கமிட்டியில் சொன்னார். அவருக்கு வேறெதுவும் தெரியாது, நாங்கள் சொல்லவும் இல்லை. யார் எதிர்ப்பார்கள்? ரத்த அழுத்தக்காரர்கள், மூட்டுவலிக்காரர்கள், பென்ஷன்காரர்கள் எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். செயலாளருக்கு அது தன் யோசனையாகவே ஆகிவிட்டது. பூங்கா திறப்பு விழாவில், வார்டு உறுப்பினரின் பக்கத்தில் நின்று, மைக்கைப் பிடித்து, எல்லோருக்கும் புரியட்டும் என்று ஹிந்தியில் அறிவித்தார்:

"சாரோ தரஃப் ராஸ்தா பனேகா!" நாலு பக்கமும் பாதை.

முதலில் கை தட்டியது நான். வலிக்க வலிக்கத் தட்டினேன்.

மழைக்காலம் முடிந்ததும் நகரசபை என்ஜினியரும் ஆட்களும் பாதை போட வந்தார்கள். மூன்று பக்கம் வேலை முடிந்தது. மேற்குப் பக்கம் வந்த அன்று ஞாயிற்றுக்கிழமை. நானும் மாமியும் காலையிலேயே போய் நின்றுகொண்டோம். சுண்ணாம்புக் கோடு மருதாணி வேலியில் வந்து முட்டியதும் செயலாளர் பின்கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்தார். பாதி முகத்தில் சவர நுரை.

"இங்க வேண்டாம், இங்க வேண்டாம். வேலிக்கு வெளியில வளைச்சுப் போடுங்கோ!"

வேலிக்கு வெளியே வளைத்தால் பேட்மிண்டன் கோர்ட் போய்விடும். அங்கே ஆடிக்கொண்டிருந்தவர்கள் மட்டையோடு வந்து நின்றார்கள். மாமி வேலிச்செடியை இரண்டு கையாலும் விலக்கிப் பிடித்தாள். சுவரை ஒட்டி எல்லைக்கல் எல்லோர் கண்ணிலும் பட்டது. நகரசபை என்ஜினியர் குனிந்து மண்ணைத் துடைத்துப் பார்த்தார். "யே தோ ஹமாரா ஹை," இது எங்களுடைய இடமாயிற்றே, என்றார், கொஞ்சம் ஆச்சரியமாக.

செயலாளர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கொஞ்சம் இடம்தானே. விட்டுட்டா என்ன கொள்ளை போறது?"

"எங்க கோர்ட்டை விட்டிருந்தாலும் ஒண்ணும் கொள்ளை போயிருக்காது சார்," என்றேன். "நாலு பக்கமும்னு நீங்கதானே மைக்கில சொன்னேள்? வார்டு உறுப்பினர்கூட கேட்டுண்டு இருந்தாரே."

அவர் என்னைப் பார்த்தார். முதல் தடவையாக, அண்ணாவைத் தாண்டி இல்லாமல், நேராக என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. புரிய வேண்டும் என்றுதான் நானும் கண்ணை எடுக்கவில்லை.

ஊஞ்சல் போயிற்று. வாழை போயிற்று. கொட்டகைக் கூரையைப் பிரிக்கும்போது தகரம் கிறீச்சிட்டது காலனி முழுக்கக் கேட்டது. அவர் பேப்பர் படிக்கும் சன்னலுக்கு வெளியே, கையை நீட்டினால் தொடும் தூரத்தில், சிவப்பு மண் பாதை ஓடியது.

நாங்கள் நடக்க ஆரம்பித்தோம். சாயங்காலம், அவர் ஆபீசிலிருந்து வந்து காபியும் பேப்பருமாக உட்காரும் நேரம் பார்த்து. புடவையை நன்றாகத் தூக்கிச் சொருகிக்கொண்டு, கும்பலாக, சத்தமாகப் பேசிக்கொண்டு. அதுவரை மைதானத்துக்கே வராத மன்னிகூட வந்தாள். ஒவ்வொரு சுற்றிலும் அந்தச் சன்னல் வந்ததும் நான் நடையைத் தளர்த்தி, கூட்டத்தில் அவர் சொன்ன வார்த்தையையே சொல்வேன்: "கல்யாணத்துக்கு நிக்கற பொண்ணு வர்றா, வழி விடுங்கோ!" பின்னால் வரும் சிந்திப் பெண்கள் அர்த்தம் தெரியாமலே அதைத் திருப்பிச் சொல்லப் பழகிக்கொண்டார்கள்.

மே மாதம் வரை பொறுத்துப் பார்த்துவிட்டு அவர் சன்னலைச் சாத்தினார். மறுநாள் அது திறந்திருந்தது. உள்ளே அவருடைய மனைவி நின்றிருந்தாள். அந்த அம்மாளின் குரலை அதற்கு முன் நாங்கள் யாரும் கேட்டதில்லை.

"சாத்துன்னு சொல்றார். மே மாசப் புழுக்கத்துல உள்ள வெந்து சாக என்னால முடியாது," என்றாள். பிறகு, "தண்ணி குடிக்கறேளா?" என்று கம்பி வழியாக ஒரு சொம்பை நீட்டினாள். அந்த வீட்டுத் தண்ணீரை அன்று நான் வாங்கிக் குடித்தேன். ஜில்லென்று இருந்தது.

அந்தக் கோடை முடியும் முன்பே செயலாளர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அண்ணா நாற்காலியை இழுத்துப் போட்டார். மன்னி காபி கொண்டுவந்து வைத்தாள். அவர் அண்ணாவிடம் பேசினார்: வடக்கு மூலையில் பெண்களுக்கு ஒரு கோர்ட் போட்டுத் தருகிறேன், புது வலை வாங்கித் தருகிறேன், சாயங்காலம் அந்தப் பக்கம் நடப்பதை மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள்.

அண்ணா காபி டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினார். "எங்கிட்ட சொல்லாதீங்கோ சார்," என்றார். "அன்னிக்கும் எங்கிட்டதான் சொன்னேள். அவ இங்கதானே நிக்கறா, அவளைக் கேளுங்கோ."

கூட்டத்தில் தலைகுனிந்ததற்கு அண்ணா மேல் எனக்கிருந்த கோபம் அந்த இடத்திலேயே போய்விட்டது.

"கூட்டத்துல சொல்லுங்கோ," என்றேன். "எல்லார் முன்னாடியும். மைதானத்தை முதல்ல சரி பண்ணினது யார்னும் சேர்த்துச் சொல்லுங்கோ."

அடுத்த பொதுக்கூட்டத்தில் அவர் எழுந்து, காகிதங்களைப் புரட்டிக்கொண்டே, வேகமாக முணுமுணுத்தார்.

"பின்னாடி கேக்கலை சார்," என்றேன்.

அவர் காகிதங்களைக் கீழே வைத்தார். "மைதானத்தை முதல்ல சீர் பண்ணினது லேடீஸ்தான். வடக்கு மூலை அவாளுக்கு," என்று சத்தமாகச் சொன்னார். காதெல்லாம் சிவந்திருந்தது. அந்தச் சிவப்பை நான் ஆற அமர, ரசித்துப் பார்த்தேன்.

கோர்ட் வந்தது. ஆடினோம். நடப்பதையும் நிறுத்தவில்லை. நிறுத்துகிறேன் என்று நான் எங்கேயும் சொல்லவில்லையே.

அதற்குப் பிந்தைய வருஷம் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. தினம் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கைத்தடியோடு எதிர்த்திசையில் வருவார். அந்த மேற்குப் பக்கப் பாதை குறுகல், இரண்டு பேர் தாராளமாகப் போக முடியாது. என்னைக் கண்டதும் அவரே புல்லில் இறங்கி நிற்பார். ஒரு நாள் தூறலில் அவர் செருப்பு சேற்றில் புதைந்துவிட்டது. அதைத் தடியால் நெம்பிக்கொண்டு, நான் கடந்து போகும்வரை அங்கேயே நின்றார்.

"பாவம்டி," என்றாள் மாமி, கொஞ்ச தூரம் தள்ளி வந்ததும். "ஒரு நாளாவது நீ ஒதுங்கினா என்ன?"

"முடியாது மாமி," என்றேன். நாங்கள் அடுத்த சுற்றுக்குத் திரும்பினோம்.