இரண்டடி தள்ளி அடித்த ஆணி

புத்தூர் வரதராஜன் வீட்டுக் கூடத்தில் கை வைத்த நாற்காலி ஒன்றே ஒன்றுதான். மூத்த மருமகன் கோபிகிருஷ்ணன் வந்தால் அவன் அதில் உட்காருவான். யாரும் சொல்லி வைத்ததில்லை, அப்படியே பழகிப் போயிற்று. இளைய மருமகன் சுரேஷ்பாபுவுக்குப் பாய், இல்லாவிட்டால் கட்டில் விளிம்பு. போன பொங்கலுக்குக் கோபிகிருஷ்ணன் உள்ளே நுழைந்தபோது சுரேஷ்பாபு அந்த நாற்காலியில் இருந்தான். மாமனார் பக்கத்தில் நின்று, அவனுடைய செல்போனில் பிள்ளைகள் ஓடுவதைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். சுரேஷ்பாபு உடனே எழுந்துவிட்டான். "வாண்ணா, குந்து" என்றுதான் சொன்னான். ஆனால் உட்கார்ந்தால் பலகை சூடாக இருந்தது. அந்தச் சூடு கோபிகிருஷ்ணனுக்கு வீடு திரும்பியும் ஆறவில்லை.

கோபிகிருஷ்ணன் நகரிக்காரன். அவன் அப்பாவுக்கு நாலு விசைத்தறி, சித்தப்பனுக்கு ஆறு. கோபிகிருஷ்ணனுக்குத் தறிச் சத்தம் பிடிக்காது, ஓடப் பிடிக்கும். இருபது வயதில் சித்தூரில் நடந்த மாவட்டப் போட்டியில் நானூறு மீட்டரில் முதலாக வந்தான். போலீஸ் வேலைக்கு ஆள் எடுத்தபோது ஓட்டத்தில் எல்லாரையும் தாண்டினான். மார்பு அளக்கையில் அரை அங்குலம் குறைந்தது. டேப் பிடித்த ஆள் இரண்டாம் தடவை அளக்கவில்லை. அத்தோடு சரி.

அதற்குப் பிறகு அவன் மற்றவர்களை ஓட வைத்தான். விடிந்ததும் கல்லூரி மைதானம், மதியத்திலிருந்து இரவு வரை தறி. அவன் தயார் செய்தவர்களில் பதினோரு பேர் போலீஸில் இருக்கிறார்கள். கபடி ஆடுகிறவன், கோகோ ஆடுகிற பெண், கிரிக்கெட்டில் பந்து வீசுகிறவன், யார் வந்தாலும் ஒரே மருந்துதான். மைதானத்தை எட்டுச் சுற்று, பிறகு மேட்டில் ஏறி இறங்கு, பிறகு நூறு மீட்டர் இருபது தடவை. மூச்சு வாங்கி ஓரத்தில் போய் வாந்தி எடுத்தால், "இன்னிக்குத்தான் நீ வேலை செஞ்ச" என்று முதுகில் தட்டுவான். பிள்ளைகள் அவனுக்குப் பயந்தார்கள், அவனை நேசிக்கவும் செய்தார்கள். நகரியில் கோச் சார் என்றால் அவன் ஒருவன்தான்.

சுரேஷ்பாபு பெங்களூரில் ஒரு ஓட்டப் பயிற்சி நிலையத்தில் ஆறு வருஷம் கோடு போடுகிற, தடை தூக்கி வைக்கிற வேலை பார்த்தவன். அங்கே வருகிற பெரிய கோச்சுகள் சொல்வதைக் காதில் வாங்கிக்கொண்டே இருந்து, ராத்திரி வகுப்பில் ஒரு சான்றிதழும் எடுத்துக்கொண்டு நகரிக்கு வந்தான். மனைவி ஸ்ரீவல்லிக்கு அவள் அக்கா வீட்டுக்குப் பக்கத்துத் தெருவிலேயே வீடு பார்த்தான். வந்த மறுநாள் சகலையிடம் மரியாதையாகத்தான் கேட்டான்.

"அண்ணா, கெழக்கு ஓரத்துல கொஞ்சம் பசங்கள வெச்சுக்கினு ஓட வெக்கட்டா? உனக்கு ஒண்ணும் தொந்தரவு இல்லியே?"

"மைதானம் இன்னா எங்கப்பன் ஊட்டுதா? ஓட வெய்யி."

கோபிகிருஷ்ணன் தன் பிள்ளைகளைச் சுற்றவிட்டுக்கொண்டே கிழக்கு ஓரத்தைக் கவனித்தான். அங்கே ஒரு பையன் முப்பது மீட்டர் ஓடினான். ஓடி முடித்து உட்கார்ந்தான். தண்ணீர் குடித்தான். பக்கத்தில் இருந்தவனோடு சிரித்தான். நாலு நிமிஷம் கழித்து மறுபடி முப்பது மீட்டர். ஒரு மணி நேரத்தில் ஒருவனுக்கு எட்டு ஓட்டம், எண்ணிப் பார்த்தான். அதற்குமேல் ஒன்றுமில்லை.

டீக்கடையில் அதைச் சொல்லிச் சொல்லிக் காட்டினான். "என் சகலை குந்தறதுக்குக் கோச்சிங் குடுக்கறான்பா. அடுத்த வருஷம் படுக்கறதுக்கும் குடுப்பான்."

கடை முழுக்கச் சிரித்தது. தறி உதிரிச் சாமான் விற்கிற ஏழுமலை மட்டும் டீயை ஊதிக்கொண்டே, "அது இன்னாவோ சார், எம் பையன் இப்பல்லாம் ரன் அவுட் ஆவறதில்ல" என்றான்.

ஏழுமலையின் மகன் முந்தின மாசமே கிழக்கு ஓரத்துக்குப் போயிருந்தான். அவன் பின்னால் கபடிப் பிள்ளைகள் மூன்று பேர் போனார்கள். பிறகு கோகோ பெண்கள். போகிறவர்கள் யாரும் சொல்லிக்கொண்டு போகவில்லை. ஒரு நாள் இங்கே இருப்பார்கள், மறுநாள் அங்கே உட்கார்ந்திருப்பார்கள். சகலையின் கண்ணாடிப் பெட்டி போன்ற இரண்டு கருவிகள் வேறு. புறப்படுகிற இடத்தில் ஒன்று, முடிகிற இடத்தில் ஒன்று, முக்காலியில் நிற்கும். குறுக்கே கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் போகுமாம். ஓடுகிறவன் அதை அறுத்தால் செல்போனில் நேரம் விழும், விநாடியை நூறாகப் பிளந்து. கோபிகிருஷ்ணன் கழுத்தில் இருபது வருஷமாகத் தொங்கிய கடிகாரத்தைப் பார்த்துப் பிள்ளைகளே சிரிக்க ஆரம்பித்தார்கள்.

அவனுக்கென்று நிச்சயமாக இருந்தது மகள் தேவசேனா ஒருத்திதான். பதினைந்து வயது. கோகோ ஆடுவாள். காலில் காற்று இருந்தது. ஆனால் ஒரு வருஷமாக அவள் வேகம் நின்ற இடத்திலேயே நின்றது. அவன் இன்னும் நாலு சுற்று கூட்டினான். அவள் காலையில் அவனிடம் ஓடுவாள், மாலையில் சித்தி ஸ்ரீவல்லி வீட்டில் டியூஷன்.

அந்தச் சமயத்தில் திருப்பதியிலிருந்து ஒரு விளையாட்டு விடுதிக்குப் பெண்களைத் தேர்வு செய்ய ஸத்யபாமா என்ற அம்மாள் வருவதாகச் செய்தி வந்தது. எந்த ஆட்டமாக இருந்தாலும் பரவாயில்லை, வேகம் வேண்டும். முப்பது மீட்டரை நாலு அறுபதுக்குள், அதாவது நாலு விநாடியும் நூறில் அறுபது பங்கும் தாண்டாமல் ஓடுகிற பெண்களை விடுதியில் வைத்துப் படிக்க வைத்துப் பயிற்சி கொடுப்பார்களாம். செய்தி வந்தது கோபிகிருஷ்ணனுக்கு அல்ல, சுரேஷ்பாபுவுக்கு. சோதனை நடப்பதும் கிழக்கு ஓரத்தில். தேவசேனாவை அங்கே அனுப்புவதில்லை என்று முடிவு செய்தான் கோபிகிருஷ்ணன்.

"என்னிய ஒரு வார்த்தை கேக்கல பாத்தியா" என்று மனைவி பிரமிளாவிடம் சொன்னான்.

"உன்ன எதுக்குக் கேக்கணும்? மிஷினு அவங்கிட்டதான கீது" என்றாள் பிரமிளா, அரிசி களைந்துகொண்டே.

அந்தச் சொல் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. சோதனைக்கு முந்தின நாள் உச்சி வெயிலில் தறியை நிறுத்திவிட்டு மைதானத்துக்குப் போனான். ஆடு ஒன்று மேய்ந்தது, வேறு யாரும் இல்லை. சுரேஷ்பாபு இங்கே பயிற்சி தொடங்கிய நாளிலேயே இரும்பு டேப்பால் அளந்து, புறப்படுகிற இடத்திலும் முடிகிற இடத்திலும் சிவப்பு நாடா கட்டிய ஆணி அடித்து வைத்திருந்தான். தினமும் அந்த ஆணியை நம்பித்தான் கருவியை நிறுத்துவான். கோபிகிருஷ்ணன் முடிகிற இடத்து ஆணியைப் பிடுங்கினான். இரண்டடி தள்ளி அடித்தான். பழைய குழியில் மண்ணைத் தள்ளி மிதித்தான். நாளைக்கு அத்தனை பிள்ளைகளும் அந்த அம்மாள் எதிரில் மெதுவாக ஓடுவார்கள். ஊர் பார்க்கட்டும். வீட்டுக்கு வந்து இரண்டு தட்டு சோறு தின்றான்.

காலையில் நாற்பது ஐம்பது பேர் கூடியிருந்தார்கள். ஸத்யபாமா நெற்றியில் மெல்லிய சூர்ணக் கோடும் காலில் ஓட்டக்காலணியுமாக நோட்டோடு நின்றாள். ஒன்பதே முக்கால் திருப்பதி பஸ்ஸுக்குப் போய்விடுவதாக முதலிலேயே சொல்லிவிட்டாள். முதல் பெண் ஓடினாள். நாலு எண்பது. அடுத்தவள் நாலு எழுபத்தாறு. சுரேஷ்பாபு செல்போனைத் தட்டிப் பார்த்தான், கருவியைத் துடைத்தான். கோபிகிருஷ்ணன் வேப்பமரத்தடியில் கையைக் கட்டி நின்றான். தொண்டையில் கரும்புச்சாறு இறங்குகிற மாதிரி இருந்தது அவனுக்கு.

எட்டாவதாகக் கோட்டுக்கு வந்தவள் தேவசேனா.

அவன் திரும்பிப் பிரமிளாவைத் தேடினான். அவள் தங்கை ஸ்ரீவல்லியோடு முன் வரிசையில் இருந்தாள். இவனைப் பார்த்து வந்தாள்.

"மூணு மாசமா சாயங்காலம் அவங்கிட்டதான் ஓடறா. சொன்னா நீ உடமாட்ட."

"டியூஷன்னியே."

"இதுவும் டியூஷன்தான்."

அதற்குள் மகள் குனிந்து நின்றாள். அந்த நிற்பு அவன் சொல்லிக் கொடுத்ததல்ல. முன்காலில் பாரம், தோள் தணிவு. எழுந்தபோது நிமிராமல் தரையைத் தள்ளிக்கொண்டே போனாள். தான் பெற்ற பிள்ளையை இன்னொருவன் கையில் பார்க்கிற மாதிரி இருந்தது அவனுக்கு. அப்படி ஓடுவாள் என்று அவனுக்குத் தெரியாது. இருபது வருஷத்தில் அவன் யாரையும் அப்படி ஓட வைத்ததில்லை.

"நாலு அறுபத்தாறு" என்றான் சுரேஷ்பாபு. குரல் இறங்கியிருந்தது.

ஸத்யபாமா நோட்டில் எழுதினாள். "நல்லா ஓடறா. அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்றாள்.

கோபிகிருஷ்ணனுக்குக் கணக்கு தானாக ஓடியது. அந்த வேகத்தில் இரண்டடிக்கு நூறில் எட்டுப் பங்கு. அறுபத்தாறில் எட்டுப் போனால் ஐம்பத்தெட்டு. பெண் ஜெயித்துவிட்டாள். அது உலகத்தில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். தேவசேனா அழவில்லை, ஓரமாகப் போய் ஷூ முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தாள். அவன் மார்பில் டேப் வைத்த அன்றைக்கு அவனும் இப்படித்தான் குனிந்து முடிச்சை அவிழ்த்தான்.

"அளவு தப்பு" என்றான் கோபிகிருஷ்ணன்.

எல்லாரும் திரும்பினார்கள்.

"இன்னாண்ணா?"

"உன் அளவு தப்புன்றேன். முப்பதுக்கு மேல கீது. டேப்பு எடு."

சுரேஷ்பாபு எடுத்தான். ஏழுமலை ஒரு முனையைப் பிடித்தான். முப்பது மீட்டர், அறுபது சென்டி. கூட்டம் சலசலத்தது. "இவ்ளோ மிஷினு வெச்சுக்கினு ஒரு டேப்பு போடத் தெர்ல" என்று யாரோ சொன்னார்கள். அந்தச் சொல்லைக் கேட்கத்தான் அவன் வெயிலில் வந்து ஆணி பிடுங்கினான். கேட்டபோது ருசிக்கவில்லை.

சுரேஷ்பாபு சரியான முப்பதில் மண்டியிட்டு விரலால் மண்ணைத் துழாவினான். புது மண் பொலபொலவென்று உள்ளே போயிற்று, குழி தெரிந்தது. அவன் தலையைத் தூக்கி வேறு யாரையும் பார்க்கவில்லை, சகலையை மட்டும் பார்த்தான். பிறகு எழுந்து கையைத் தட்டிக்கொண்டான்.

"எந்தப்புதான் மேடம். காலீல நான் அளந்து பாத்திருக்கணும். பசங்க கொஞ்சம் ரெஸ்ட் எடுத்துக்கினு மறுபடியும் ஓடட்டும்."

"பஸ்ஸுக்கு நேரமாயிடுமே" என்றாள் ஸத்யபாமா. பிறகு ஷூ முடிச்சோடு உட்கார்ந்திருந்த பெண்ணைப் பார்த்தாள். "சரி. பர்வாலேது. அடுத்த பஸ்ல போறேன்."

சுரேஷ்பாபு தள்ளி நின்ற ஆணியைப் பிடுங்கிக் கொண்டுவந்து, ஒரு கல்லோடு சகலையிடம் நீட்டினான்.

"நீ பெரியவன். உங் கையாலயே அடிண்ணா."

சுற்றி நின்றவர்களுக்கு அது மரியாதையாகத் தெரிந்தது. ஏழுமலை, "அதான் சரி" என்றுகூடச் சொன்னான். கோபிகிருஷ்ணன் குனிந்து பழைய குழியிலேயே ஆணியை அடித்தான். கல் ஒரு தடவை விரலில் பட்டது. காட்டிக்கொள்ளவில்லை. சுரேஷ்பாபு கத்தியிருக்கலாமே, தன் சட்டையைப் பிடித்திருக்கலாமே என்றுதான் நினைத்தான். பிடித்திருந்தால் திருப்பி அடிக்கவாவது முடியும். இதிலும் சகலை முந்திவிட்டான்.

பத்து நிமிஷம் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். அவன் வாழ்நாளில் அத்தனை நீளமான பத்து நிமிஷம் இருந்ததில்லை. எழுந்திரு, உடம்பு ஆறிப் போகும் என்று கத்த நாக்கு துடித்தது. சுரேஷ்பாபு நிதானமாகத் தேவசேனாவின் காலை நீட்டி மடக்கிவிட்டுக்கொண்டிருந்தான்.

இரண்டாம் தடவை நாலு ஐம்பத்தேழு. அவள் ஓடி வந்து முதலில் கட்டிக்கொண்டது சித்தப்பாவை. பிறகுதான் அப்பாவிடம் வந்தாள்.

ஆனி மாதம் அவளைத் திருப்பதி விடுதியில் சேர்க்க அப்பாவும் மகளும் பஸ்ஸில் போனார்கள். வடமாலப்பேட்டை தாண்டும்போது அவள் கேட்டாள்.

"நைனா, அளவு தப்புன்னு உனக்கு எப்பிடித் தெரிஞ்சுது?"

"இருபது வருஷம் அந்த மண்ணுல கெடந்தவன். பாத்தாலே தெரியாதா?"

"சித்தப்பாவும் அதத்தான் சொன்னாரு. அண்ணன் கண்ணு டேப்பு மாதிரின்னு."

அவன் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். இவன் சொல்லும் பொய்யைக்கூடச் சகலை இவனுக்கு முன்பே சொல்லி வைத்திருக்கிறான்.

மறுநாள் காலை மைதானத்தில் ஒன்பது பேர் இருந்தார்கள். நூறு மீட்டர் ஓடி வந்தவர்கள் வழக்கம்போலத் திரும்பி மறுபடி கோட்டுக்குப் போனார்கள்.

"குந்துங்க" என்றான் கோபிகிருஷ்ணன்.

ஒருத்தரும் உட்காரவில்லை. காதில் சரியாக விழுந்ததா என்று பார்த்தார்கள்.

"இன்னா சார், அந்தப் பக்கத்து ஸ்டைலா?" என்றான் ஒரு கபடிக்காரன்.

"வாய மூடு. இது என் ஸ்டைலு. குந்துடா."

உட்கார்ந்தார்கள். எத்தனை நிமிஷம் விடவேண்டும் என்று அவனுக்குச் சரியாகத் தெரியாது. கேட்கவும் மாட்டான். கிழக்கு ஓரத்தில் சகலையின் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். கழுத்துக் கடிகாரத்தைப் பார்ப்பது போலக் குனிந்து, ஓரக்கண்ணால் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தான். அவர்கள் எழுந்தபோது இவர்களையும் எழுப்பினான்.