விறகடுப்பு என்று எழுதிவிட்டார்கள்

குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் இருபத்திரண்டு வருஷமாகப் படுக்கை விரிப்பு துவைக்கிறவள் செண்பகவல்லி. நீலம் போட்டு அவள் உதறிக் காயப்போட்டால் பார்க்கிறவனுக்குக் கண் கூசும். அப்படிப்பட்டவளிடம் இந்தப் பங்குனியில் முதலாளி, "என்னம்மா துவைச்சிருக்க? எல்லாம் கரும்புள்ளி" என்று கேட்டுவிட்டார். புள்ளி வைத்தது அவளா? மலையில் ஒன்பது நாளாகக் காடு எரிகிறது. சாம்பல் பறந்து வந்து ஈர விரிப்பில் உட்காருகிறது. துவைத்ததையே மறுபடி துவைத்தாள். மூன்றாம் தரம் துவைக்கும்போது அவளுக்கே இளைப்பு வந்துவிட்டது. பத்தடி நடந்தால் நெஞ்சுக்குள் விசில் அடித்தது.

தென்காசியில் மூச்சிரைப்புக்கு இலவச முகாம் என்றார்கள். போனாள். வரிசை தெருவரைக்கும் நின்றது. அவளுக்குப் பின்னால் நின்ற பேராச்சி சுந்தரபாண்டியபுரத்துக்காரி. மலை எங்கே, அந்த ஊர் எங்கே! அங்கேயும் காலையில் புகையில் எதிர்வீடு தெரியவில்லையாம்.

மேசைக்குப் பின்னால் கையில் தொடுதிரை டேப்போடு இருந்தவன் மணிகண்டபிரபு. அவனிடம் பதிந்தால்தான் மருந்து.

"அக்கா, எதனால வருது? விறகடுப்பா, பீடியா, கொசுவர்த்தியா?"

"மூணும் இல்ல தம்பி. வீட்ல கேஸ். மலை எரியுதுல்லா, அந்தப் புகைதான்."

"அதுக்கு இதுல இடமில்லக்கா. மூணுல ஒண்ணு சொன்னாத்தான் அடுத்த பக்கம் போகும்."

"பொய் சொல்லச் சொல்லுதியா?"

பேராச்சிக்குப் பொறுக்கவில்லை. "ஏ தம்பி, நான் பீடி சுத்துதவதான். முப்பது வருசமா சுத்துதேன், ஒரு தும்மல் கிடையாது. இந்த ஒன்பது நாளாத்தான் மூச்சு முட்டுது. அதையும் பீடி தலையில கட்டிருவியோ?"

அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நீண்டு நின்ற வரிசையைப் பார்த்தான், திரையில் விறகடுப்பு என்றிருந்த இடத்தில் விரலை வைத்து அழுத்தினான், வாயில் வைத்து இழுக்கிற மருந்தை நீட்டினான். செண்பகவல்லி வாங்கி அங்கேயே இரண்டு இழுப்பு இழுத்தாள். கொஞ்சம் மூச்சு வந்தது. வந்த மூச்சையெல்லாம் அவன்மேலேயே செலவழித்தாள்.

"என் அடுப்பை நீ வந்து பாத்தியாலே? பத்து வருசமா எங்க வீட்ல ஒரு சுள்ளி கிடையாது. எரியுதது மலை, குத்தவாளி என் அடுக்களையா? நாளைக்கு இதைப் படிக்கிற ஆபீசர் தீயை அணைக்க ஆள் அனுப்புவாரா, எனக்குப் புத்தி சொல்ல ஆள் அனுப்புவாரா? அழிலே அதை!"

"சேவ் ஆயிருச்சுக்கா. அழிக்க முடியாது."

"நெசத்தை எழுத இடமில்ல, பொய்யை அழிக்க வழியில்ல. நல்லா நடத்துதிய முகாமு!"

வரிசையில் சிரித்தார்கள். சிரித்தவர்களுக்கெல்லாம் இருமல் வந்தது. பிரபு தலையைத் தூக்காமல் "அடுத்த ஆள்" என்றான். பேராச்சி போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவளிடம் அவன் எதுவுமே கேட்கவில்லை. பீடியை அழுத்தினான்.

செண்பகவல்லிக்கு மருந்தை அந்த மேசைமேலேயே வீசிவிட்டு வர வேண்டும்போல் ஆத்திரம் வந்தது. வீசவில்லை. மலை இன்னும் எரிந்துகொண்டிருந்தது. லாட்ஜில் நாற்பது விரிப்பு துவைக்கக் கிடந்தது.