அக்கா வாய் திறக்காத நேர்காணல்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. அவரைப் புகழ்ந்து எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் மருத்துவமனையில் அவர் சொன்னது காதிலேயே நிற்கிறது: "என்னப் பத்தி எழுதுனா அந்த இன்டர்வியூ கதையையும் எழுதுடா. சும்மா புகழ்ந்து மட்டும் வைக்காத."

கோபிசெட்டிபாளையத்தில் பிறந்து, கணிதம் படித்து, அத்தானைக் கைப்பிடித்து டெக்சாஸ் வந்தவர் அக்கா. அங்கே காப்பெல் என்ற ஊரில் குடியிருந்தபடியே ஆசிரியர் தகுதிச் சான்றிதழ் பெற்றார். பள்ளி பள்ளியாக ஏறி இறங்கினார். "எங்கள் பள்ளிக்குப் பொருந்த மாட்டீர்கள்" என்று சிரித்த முகத்தோடு அனுப்பிவைத்தார்கள். கடைசியில் பக்கத்து ஊர்ப் பள்ளியில் வேலை கிடைத்தது. வகுப்பறைகளில் எல்லா நிறப் பிள்ளைகளும் இருந்தார்கள். ஆசிரியர்களில் வெள்ளையரல்லாதவர் அக்கா மட்டும்தான்.

சில ஆண்டுகளில், புதிய கணித ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் அக்காவையும் சேர்த்தார்கள். மார்கஸ் என்ற கறுப்பின இளைஞர் வந்து மாதிரி வகுப்பு எடுத்தார். அவர் பின்னங்களை விளக்கியபோது பிள்ளைகள் எழுந்து வந்து பலகையைச் சூழ்ந்துகொண்டார்களாம். அவர் போனதும் குழுவில் ஒருவர், "நல்லவர்தான், ஆனால் நம் பள்ளிக்குப் பொருந்த மாட்டார்" என்றார். மற்றவர்கள் தலையசைத்தார்கள். அக்காவும் அசைத்தார்.

அன்று மாலை எனக்கு ஃபோன் செய்து அழுதார். "என்னைத் திருப்பி அனுப்புன அதே வார்த்தைடா. எதிர்த்துப் பேசினா என் வேலைக்கும் ஆபத்துன்னு பயந்துட்டேன். அசிங்கமா இருக்கு."

மறுநாளே பள்ளி முதல்வரிடம் சென்று, நடந்தது தவறு என்றார். முடிவு மாறவில்லை. அடுத்த ஆண்டு இன்னோர் இடம் காலியானபோது அக்காவே மார்கஸைத் தேடிப் பிடித்து விண்ணப்பிக்க வைத்தார். "பொருந்துவது என்றால் என்னவென்று சொல்லுங்கள்" என்று குழுவில் கேட்டாராம். இந்த முறை மார்கஸுக்கு வேலை கிடைத்தது.

ஆனால் அவரிடம் உண்மையைச் சொல்ல அக்காவுக்கு வாய் வரவில்லை. புற்றுநோய் முற்றி, அக்காவின் வகுப்புகளையும் மார்கஸ் ஏற்று நடத்திய நாட்களில்தான் சொன்னார். அப்போது மருத்துவமனையில் நானும் அருகில் இருந்தேன்.

"அன்று அந்த அறையில் ஒருவராவது எனக்காகப் பேசியிருப்பார் என்று நம்பியிருந்தேன். அது நீங்கள்தான் என்றும் நினைத்திருந்தேன்" என்றார் மார்கஸ்.

அக்கா முகத்தை மூடிக்கொண்டார். எனக்கும் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

மன்னித்தேன் என்று மார்கஸ் சொல்லவில்லை. அக்காவும் கேட்கவில்லை. ஆனால் மார்கஸ் மறுநாளும் அக்காவைப் பார்க்க வந்தார், இறுதிவரை வந்தார்.

கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும், மாதக்கணக்கில் சமைத்து அனுப்பிய தோழியருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. மார்கஸுக்கு மட்டும் நன்றி என்று சொல்லக் கூசுகிறது. தலை குனிந்து வணங்குகிறோம்.