வேட்டையின் முதல் நாள் வெர்னா போட்ட கையெழுத்து

பதினெட்டு வருஷம் வெர்னா கங்காஸும் நானும் ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து சண்டை போட்டிருக்கிறோம். போன வருஷம் அவள் கட்சியே அவளை அந்த மேஜையிலிருந்து எழுப்பிவிட்டது. எழுப்பட்டும். ஏன் எழுப்பினார்கள் என்பதை நாலு பேரிடம் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது.

பெரிய பதவி ஒன்றுமில்லை அது. தேர்தல் முடிந்ததும் எங்கள் கவுண்டியின், அதாவது மாவட்டத்தின், ஓட்டுக் கணக்கைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுகிற குழு. கட்சிக்கு இரண்டு பேராக நாலு பேர். மூன்று கையெழுத்து விழுந்தால்தான் முடிவு செல்லும். ஓட்டுச்சீட்டுப் பையைத் திறப்பதானால் இரண்டு கட்சி ஆட்களும் சேர்ந்து நிற்க வேண்டும். ஒரு கட்சிக்காரர் தனியாக ஒரு சீட்டைக்கூடத் தொடக்கூடாது. நான் காப்பி ஊற்றிக்கொள்ள எழுந்து போனால் வெர்னா இரண்டு கைகளையும் மேலே தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். "யோவ் க்ளெம், சீக்கிரம் வாய்யா, தோள்பட்டை கழண்டுடும் போல இருக்கு" என்பாள். ஆனால் கையை இறக்கமாட்டாள்.

அவள் எந்தக் கட்சி, நான் எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள். சொன்னால் உங்களில் பாதிப் பேர் இந்த இடத்திலேயே அவளை வெறுத்துவிடுவீர்கள், மீதிப் பேர் என்னை. அவள் தீவிரமான கட்சிக்காரி என்பது மட்டும் தெரிந்தால் போதும். என் வீட்டு ஜன்னலைத் திறந்தால் முதலில் கண்ணில் படுகிற மாதிரி, எதிர்ப்பக்கத்து நிலத்துக்காரனிடம் கெஞ்சி, தன் கட்சிப் பலகையை நட்டு வைத்தவள். காலையில் நான் பல் தேய்த்துக்கொண்டே அதைத்தான் பார்க்க வேண்டியிருந்தது.

வெர்னா இங்கேதான் பிறந்தாள், சுப்பீரியர் ஏரிக்குத் தெற்கே, கல்லும் உருளைக்கிழங்கும் மட்டும் விளைகிற ஒரு பண்ணையில். பதினாலு வயதில் தாய் இறந்துபோனாள். தம்பி ஆர்வோவுக்கு அப்போது எட்டு வயது. அப்பா மரம் வெட்டக் காட்டுக்குப் போனால் வாரக்கணக்கில் வரமாட்டார். தம்பியைக் குளிப்பாட்டி, சாப்பாடு போட்டு, பள்ளிக்கு அனுப்பி, அடித்து, அணைத்து வளர்த்தவள் அவள்தான். பிறகு கல்யாணம் செய்துகொண்டாள். ஐந்தே வருஷத்தில் கணவர் மார்வலி வந்து போனார். பிள்ளைகள் இல்லை. உறவென்று மிஞ்சியது ஆர்வோ ஒருவன்தான். சனிக்கிழமைதோறும் அவன் வீட்டு சவுனாவில், அந்த நீராவிக் குளியல் அறையில், உட்கார்ந்து, உடம்பு சிவக்க வியர்த்து, பிறகு அடுப்படியில் அவனோடு காப்பி குடித்துவிட்டு வருவாள். நாற்பது வருஷமாக ஒரு சனிக்கிழமைகூடத் தவறியதில்லை.

காகித ஆலையில் மரலாரிகளை எடை போடுகிற வேலை அவளுக்கு. முப்பத்து நாலு வருஷம். எடையைக் கூட்டிப் போடச் சொல்லி லாரிக்காரர்கள் மான் கறி கொண்டுவந்து கொடுத்துப் பார்த்தார்கள், கண்ணீர் விட்டுப் பார்த்தார்கள். ம்ஹூம். ஒரு ஜனவரியில் ஆர்வோவே லாரி ஓட்டிக்கொண்டு வந்தான். மரத்தின் மேல் ஒரு முழ உயரத்துக்கு ஈரப்பனி, அதோடு எடை போட்டால் பனிக்கும் சேர்த்துக் காசு. பின்னால் பதினோரு லாரிகள் நிற்கின்றன. நான் அப்போது கவுண்டியின் பனி தள்ளும் வண்டி ஓட்டுபவன். ஆலை வாசலில் நின்று இதை என் காதால் கேட்டேன்.

"ஏறிப் பனியைத் தள்ளுடா" என்றாள் வெர்னா.

"அக்கா, எல்லாரும் பாக்கறாங்க. மானம் போவுது."

"அவங்க பாக்கறாங்கன்னுதான் சொல்றேன். ஏறு."

கெட்ட வார்த்தையாக உதிர்த்துக்கொண்டே அவன் ஏறித் தள்ளினான். அந்தச் சனிக்கிழமையும் அவள் சவுனாவுக்குப் போனாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தோற்றவன் தோற்றேன் என்று சொல்லுகிற வழக்கமே நாட்டில் ஒழிந்துபோன காலம் இது. மேலே இருப்பவர்களே, நாங்கள் ஜெயித்தால் தேர்தல், தோற்றால் திருட்டு என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். அங்கங்கே குழுக்காரர்கள் கையெழுத்துப் போட மறுத்தார்கள். அது எங்கோ நடக்கிற கூத்து என்று நாங்கள் இருந்தோம். அந்த நவம்பரில் அது எங்கள் மேஜைக்கே வந்தது.

மாநிலச் சட்டசபை இடத்துக்கு வெர்னாவின் கட்சி ஆள் அறுபத்து மூன்று ஓட்டில் தோற்றார். எல்லாம் சரியாக இருந்தது, மேப்பிள் வட்டாரத்தைத் தவிர. அங்கே கையெழுத்துப் போட்டுச் சீட்டு வாங்கியவர்கள் நானூற்றுப் பதினெட்டு பேர். பையில் இருந்த சீட்டு நானூற்றுப் பதினேழு. எல்லாத் தேர்தலிலும் நடக்கிற சங்கதிதான். யாரோ ஒருவர் சீட்டை வாங்கிவிட்டு, அதை எண்ணுகிற இயந்திரத்தில் போடாமலே போயிருப்பார். அதை எழுதிவைத்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும், அதுதான் சட்டம்.

எங்கள் குழுத் தலைவர் டெரில், வெர்னாவின் கட்சியைச் சேர்ந்த இன்னொரு ஆள், காப்பீடு விற்பவர். அவர் கையில் எங்கிருந்தோ தட்டச்சு செய்து வந்த ஒரு தாள் இருந்தது. "ஒரு ஓட்டு காணோம். திருட்டு நடந்திருக்கு. நான் கையெழுத்துப் போடமாட்டேன்" என்றார். ஆக, என் கட்சி இரண்டு, டெரில் இல்லை. மூன்றாவது கையெழுத்து வெர்னாவுடையது. அவள் போட்டால் கவுண்டியின் ஆறாயிரத்து இருநூற்றுச் சொச்சம் ஓட்டும் செல்லும். போடாவிட்டால் அத்தனையும் தொங்கும்.

கடைசிக் கூட்டத்துக்கு டெரில் நாள் குறித்தார்: நவம்பர் பதினைந்து, காலை ஒன்பது மணி. அட பாவி! மான் வேட்டையின் முதல் நாள்! அன்று எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் கிடையாது, பல் வைத்தியர் கிடையாது, சவ அடக்கம்கூடத் தள்ளிப்போகும். ஊரே காட்டில் இருக்கும். நாற்காலிகள் காலியாக இருக்கும், சத்தமில்லாமல் காரியத்தை முடித்துவிடலாம் என்பது அவர் கணக்கு.

அதற்கு முந்தைய சனிக்கிழமை வெர்னா சவுனாவுக்குப் போனாள். அன்று நடந்ததை அவள் எனக்குச் சொன்னது எல்லாம் முடிந்த பிறகுதான்.

ஆர்வோ வாசலிலேயே நின்றானாம். மேப்பிள் வட்டாரத்துக்காரன், ஓட்டுத் திருட்டு என்று ஊரிலேயே அதிகம் கத்துகிறவன் அவன்தான்.

"அக்கா, நம்ம வட்டாரத்துலயே ஒரு ஓட்டைத் திருடிட்டானுங்க. நீ கையெழுத்துப் போட்டேன்னு வையி, இந்தப் படி ஏறாதே. சொல்லிட்டேன்."

"குளிச்சுட்டுப் பேசறேன், வழி விடுடா" என்று உள்ளே போயிருக்கிறாள்.

துணி மாற்றுகிற அறையில் அவனுடைய ஆரஞ்சு நிற வேட்டைக்கோட்டு கொக்கியிலிருந்து விழுந்து கிடந்தது. எடுத்து மாட்டினாள். உள்பையிலிருந்து ஒரு நீளக் காகிதம் பாதி வெளியே வந்தது. வட்டங்கள் நிரப்பிய ஓட்டுச்சீட்டு. மேப்பிள் வட்டாரம் என்று தலையில் அச்சடித்திருந்தது.

காணாமல் போன ஓட்டு அவள் தம்பியின் ஓட்டு! நடந்தது இதுதான். அன்று இயந்திரம் மாட்டிக்கொண்டது. சரிசெய்கிறவரை சிகரெட் பிடிக்கலாம் என்று ஆர்வோ சீட்டும் கையுமாக வெளியே போனான். ஒரு சிநேகிதன் வந்து, மேட்டுப்பக்கம் பன்னிரண்டு கிளைக் கொம்போடு ஒரு மான் நிற்கிறது என்றான். அவ்வளவுதான், சீட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு வண்டியில் ஏறிவிட்டான். ஓட்டுப் போட்டோமா இல்லையா என்பதே அவனுக்கு மறந்துபோயிற்று. மான் கதையை அவனே அவளிடம் பெருமையாகச் சொல்லியிருந்தான், சீட்டை மட்டும் விட்டுவிட்டு.

வெர்னா அந்தச் சீட்டை விரலால்கூடத் தொடவில்லை. கோட்டை ஆட்டி, அதைப் பைக்குள்ளேயே விழவைத்தாள். நான் பிறகு கேட்டேன், "ஏம்மா, அவன்கிட்டயே காட்டியிருக்கலாமே?"

"எதிர்க்கட்சி ஆள் பக்கத்துல இல்லாம நான் எப்பய்யா தொட்டேன்? அது போக, ஊரே சிரிக்கிற மாதிரி அவனை நான் நிக்கவெக்கணுமா? நான்தானே வளர்த்தேன்."

இதெல்லாம் தெரியாத நான் என் பங்குக்கு ஒரு காரியம் செய்தேன். காலை எட்டு மணிக்கு எங்கள் வானொலியில் பழைய சாமான் விற்கிற நிகழ்ச்சி வரும். அதற்குப் போன் போட்டேன். "விற்பனைக்கு: ஆறாயிரத்து இருநூறு ஓட்டு. ஒரே ஒரு தடவை பயன்படுத்தியது. உரிமையாளர்கள் பதினைந்தாம் தேதி ஒன்பது மணிக்குக் கவுண்டிக் கட்டடத்துக்கு வந்து பார்த்துக்கொள்ளவும்."

வெர்னா என்னைக் கிழித்துத் தொங்கவிட்டாள். "குழுவுல இருக்கற ஆளா நீ? கோமாளி!"

பதினைந்தாம் தேதி வந்தது. பத்து பேர் வந்தால் அதிகம் என்று நினைத்துக்கொண்டு போனேன். கட்டடத்தைச் சுற்றி நாலு தெருவிலும் வண்டிகள். துப்பாக்கிகளை வண்டியில் பூட்டிவிட்டு, காட்டிலிருந்து நேராக வந்திருக்கிறார்கள். கூடம், மாடிப்படி, வாசல் புல்வெளி, எங்கே பார்த்தாலும் ஆரஞ்சுக் கோட்டு. முந்நூறு பேருக்குக் குறையாது. இரண்டு கட்சியும் கலந்து நிற்கிறது. வேட்டையின் முதல் நாளை விட்டுவிட்டு எங்கள் ஜனம் வந்ததை என் வாழ்நாளில் நான் பார்த்ததில்லை.

ஆளுக்கு இரண்டு நிமிஷம் பேசலாம். நேரம் முடிந்தால் மணியடிக்கிற சமையலறைக் கடிகாரத்தை டெரில் திருகி வைத்தார். முதலில் எழுந்தவர் ஒரு மரவெட்டி.

"தோத்த ஆளுக்குத்தான் நான் போட்டேன். தோத்தா தோத்துட்டோம். அடுத்த தடவை பாத்துக்கலாம். எண்ணினதை எண்ணினபடி எழுதுங்கப்பா, எனக்கு மான் காத்திருக்கு."

கூடம் அதிர்ந்தது. ஆனால் முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஆர்வோ கத்தினான்: "அப்ப அந்த ஒரு ஓட்டு எங்கே? அதைச் சொல்லுங்க!"

அவனோடு இருபது முப்பது பேர் சேர்ந்து கத்தினார்கள். வெர்னா எழுந்தாள்.

"சொல்றேன். திருட்டு இல்லே. இயந்திரம் மாட்டிக்கிச்சு. ஒருத்தர் சீட்டோட சிகரெட் புடிக்க வெளிய போனாரு. மேட்டுல பெரிய கொம்பு மான் நிக்குதுன்னு கேள்விப்பட்டுச் சீட்டைப் பையில வெச்சுக்கிட்டுப் போயிட்டாரு. அந்தச் சீட்டை என் கண்ணால பாத்தேன். கணக்கு சரி. நான் கையெழுத்துப் போடறேன்."

ஆர்வோவின் வாய் மூடியது. கட்டியிருந்த கை மெல்லப் பிரிந்து கோட்டின் உள்பைக்குள் போனது. போன கை வெளியே வரவில்லை.

"யாரு அந்த ஆளு?" என்றார் டெரில்.

"பேர் சொல்லமாட்டேன்."

"பேர் இல்லாத ஆளு, மானைப் பாக்கப் போனாராம்! கேட்டுக்கங்க. இந்தம்மா பொய் சொல்றாங்க. பச்சைப் பொய்."

எழுபத்திரண்டு வயதில், ஊர் முன்னால், முதல்முறையாக ஒருவர் வெர்னாவைப் பொய்க்காரி என்றார். அவள் முகம் வெளுத்தது. உதட்டை அழுத்திக்கொண்டு நின்றாள். ஒரு வார்த்தை சொன்னால் தப்பித்துவிடலாம். ஆர்வோ பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை அவள். ஆர்வோவும் பேசாமல் இருந்துவிடலாம், யாருக்கும் தெரியப்போவதில்லை.

நாற்காலி கிறீச்சிட்டது. ஆர்வோ எழுந்தான். காது வரை சிவந்திருந்தது. கசங்கிய சீட்டை எல்லாருக்கும் தெரியும்படி தலைக்கு மேலே தூக்கினான்.

"பொய் சொல்ற வம்சம் இல்லே எங்களுது. சீட்டு இதோ. மானைப் பாக்கப் போன மடையன் நான்தான்."

பிறகு எழுந்த சிரிப்பு இருக்கிறதே, ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. "மான் கெடச்சுதா ஆர்வோ?" என்று யாரோ பின்னாலிருந்து கத்தினார்கள். "இல்லே" என்றான். மறுபடியும் சிரிப்பு. அவன் தலையைக் குனியவில்லை. சிரிப்பு அடங்குகிறவரை கையை இறக்காமல் நின்றான்.

டெரில் வேறு எதையும் பார்க்காமல் தட்டச்சுத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். வெர்னா அறிக்கையைத் தன் பக்கம் இழுத்துக் கையெழுத்துப் போட்டாள். போடும்போது அவள் கண் நிறைந்திருந்ததை எதிரே உட்கார்ந்திருந்த நான் பார்த்தேன். பேனாவை மூடிவிட்டு அவரிடம் திரும்பினாள்.

"பேர் கேட்டீங்களே, டெரில்" என்றாள், வாசல் புல்வெளி வரை கேட்கிற குரலில். "ஆர்வோ லாம்பி. என் தம்பி. எழுதிக்கங்க."