வாய்ப்பூட்டு மேடம்

வாய்ப்பூட்டு மேடம் என்பது மாணவர்கள் வைத்த பெயர். இலக்கியமும் வரலாறும் இசையும் படிக்க வருகிறவர்களே அதிகமுள்ள கல்லூரியில் பதினான்கு வருடமாகக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிறாள். கடைசி மூன்று வருடமாக கேம் வடிவமைப்பும் சேர்ந்துகொண்டது.

அந்த வகுப்புக்கு ஒரே சட்டம். ஒருவர் செய்த கேமை இன்னொருவர் முதல்முறை விளையாடும்போது, செய்தவர் பக்கத்தில் உட்கார்ந்து நோட்டில் எழுதலாம். பேசக் கூடாது. யார் பேசினாலும் அந்தச் சோதனை செல்லாது. கேம் வாங்குகிறவன் வீட்டுக்கெல்லாம் கூடவே போய் விளக்கம் சொல்வாயா என்று கேட்பாள்.

வீட்டில் அவள் வாய் ஓயாது. கணவர் பல் டாக்டர். எதிரில் இருப்பவர்கள் பதில் பேசி அவருக்குப் பழக்கமில்லை.

இந்த வருடம் கேம் பாடத்தைத் தொடர்வதா நிறுத்துவதா என்று முடிவு செய்யக் குழு போட்டார்கள். தலைவர் வரலாற்றுப் பேராசிரியர். விளையாட்டுக்கு எதற்கு வாத்தியார் என்று கூட்டத்தில் கேட்டவர். ஒரு கேமையாவது விளையாடிவிட்டு எழுதுகிறேன் என்று வியாழக்கிழமை காலை லேபுக்கு வந்தார்.

இசை மாணவி ஒருத்தி செய்த கேம். ஆஸ்பத்திரி வராந்தா, கோடியில் மூடிய கதவு, இடது ஓரத்தில் ஒரு பெஞ்ச். பெஞ்சில் போய் உட்கார்ந்து காத்திருந்தால் கதவு தானாகத் திறக்கும். முட்டினால் திறக்காது.

பேராசிரியர் முட்டினார். எல்லாப் பொத்தானையும் அழுத்திவிட்டு மறுபடி முட்டினார். ஒன்பது நிமிடம். கடிகாரத்தைப் பார்த்தார். மாணவி குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். பாடம் கையைவிட்டுப் போவது மேடத்துக்குத் தெரிந்தது.

“அந்த பெஞ்சுல உட்காருங்க சார்.”

கதவு திறந்தது. உள்ளே ஒருவர் தூங்குகிறார். அவர் மூச்சுதான் இசை. பேராசிரியர் கடைசிவரை விளையாடினார். நல்லபடியாகவே எழுதிவிடுகிறேன் என்றார்.

மாணவி நோட்டை மூடவில்லை.

“மேடம், இது செல்லாது.”

“இப்ப எதுக்கும்மா அது?”

“நீங்க சொல்லித்தானே உட்கார்ந்தாரு. என் கேம் வேலை செய்யுதான்னு எனக்கு இன்னும் தெரியல.”

மேடம் நோட்டை வாங்கினாள். ‘ஆசிரியர் பேசினார், செல்லாது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். இதை வைத்து அறிக்கை எழுத வேண்டாம் என்று பேராசிரியரிடமும் சொன்னாள்.

“கைக்கு எட்டினது வாய்க்கு எட்டலைன்னு அழறவங்கள பாத்திருக்கேன். எட்டினத தட்டி விடறவங்கள இப்பதான் பாக்கறேன்,” என்றார் அவர்.

அடுத்த வாரம் குழுவிலிருந்து பொருளாதார ஆசிரியையை அனுப்பினார். அவருக்கும் பொறுமைக்கும் ஏழாம் பொருத்தம்.

மாணவி இந்த முறை மேடத்தை வெளியே நிற்கச் சொல்லிவிட்டாள். மேடம் லேபின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றாள். ஆறாவது நிமிடம் ஆசிரியை எழுந்து, கதவுக்குப் பின்னால் என்ன என்று கேட்டார். மாணவி நோட்டில் எழுதினாள். உட்கார்ந்தார், முட்டினார், மறுபடி எழுந்தார். மேடத்தை ஏறெடுத்தும் பார்க்காமல் தாண்டிப் போனார்.

அறிக்கை திங்கட்கிழமை வந்தது. கதவு திறக்கவில்லை, யாரும் வாயைத் திறக்கவில்லை, உள்ளே என்ன என்று தெரியாமல் பாடத்தை நிறுத்தச் சொல்ல மனமில்லை, இன்னும் ஒரு செமஸ்டர் நடக்கட்டும் என்று ஆசிரியை எழுதியிருந்தார்.

மேடம் அதை எடுத்துக்கொண்டு லேபுக்குப் போனாள். இரண்டு பேருமே இடது பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை என்று நோட்டில் குறித்திருந்த மாணவி, திரையில் பெஞ்சைக் கதவுக்குப் பக்கத்துக்கு நகர்த்திக்கொண்டிருந்தாள்.