பசுவோடு போன குறை

எனக்குக் கல்யாணமானபோது என் அம்மா ஒரு கிடேரிக் கன்றை என்னோடு அனுப்பினாள். அவளுக்கு அவள் அம்மா கொடுத்த பசுவின் வம்சம் அது. நகை நட்டு என்று பெரிதாக ஒன்றும் போடவில்லை. ஆனால் ரிஷிவந்தியம் பக்கத்தில் எங்கள் மாட்டைப் பார்த்துவிட்டு, "இது யாரு வூட்டு மாடு?" என்று கேட்காதவர்கள் கிடையாது. சின்னக் கொம்பு, சாம்பல் நிறம், சாதுவான குணம். அந்தக் கர்வம் எனக்கு இன்றும் உண்டு. அதை நான் மறைத்ததில்லை. மறைத்தது வேறொன்றை.

என் மகளை மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கட்டிக் கொடுத்தபோது நானும் ஒரு கிடேரியைப் பிடித்துக் கொடுத்தேன். கரும்பு போடுகிற வீடு. டிராக்டர் வந்த பிறகும் மாப்பிள்ளை ஆலைக்கு மாட்டு வண்டியில்தான் கரும்பு ஏற்றிப் போவார். அதனால் காளைக் கன்று பிறந்தால் அந்த வீட்டில் ஒரே சந்தோஷம்.

முதல் காளைக் கன்று வளர்ந்ததும் மூக்கணாங்கயிறு போட மூக்கு குத்தினார்கள். குத்தின இடத்தில் ரத்தம் நிற்கவில்லை. மஞ்சளை அப்பினார்கள், துணியைத் திணித்தார்கள். மூன்றாம் நாள் கன்று போய்விட்டது. இரண்டாவது காளைக் கன்றுக்கு, துள்ளி விளையாடினாலே கால் முட்டி வீங்கிவிடும், நொண்டும். அதற்கும் மூக்கு குத்தினார்கள். அதுவும் போயிற்று.

மாட்டை யாரும் குறை சொல்லவில்லை. என் மகளைச் சொன்னார்கள். சம்பந்தியம்மாள் தெருவில் நின்றே சொன்னாளாம்: "இவ தொட்டுக் கட்டுன கன்னு எதனா நிக்குதா? கை அப்டி." அன்றிலிருந்து மகளைத் தொழுவத்துக்குள் விடவில்லை. நான் கொடுத்த பசுவுக்கே அவள் தண்ணீர் காட்டக் கூடாது. போனில் சொல்லி அழுதாள். "வுடும்மா, பெரியவங்க ஏதோ சொல்றாங்க. அனுசரிச்சிக்கினு போ" என்றேன்.

அப்படிச் சொன்னபோதே எனக்குத் தெரியும். அவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் என் வீட்டிலும் ஒரு காளைக் கன்று மூக்கு குத்தி, ரத்தம் வடிந்தே செத்தது. ஊரில் கேட்டவர்களிடம் பாம்பு கடித்துவிட்டது என்றேன். நான் சிறுமியாக இருந்தபோது என் அம்மா வீட்டிலும் ஒன்று அப்படிப் போனது. எங்கள் மாட்டுக்கு ஒரு குறை என்று என் வாயாலேயே வர வேண்டுமா என்று இருந்துவிட்டேன்.

போன வருஷம் கால்நடைத் துறைக்காரர்கள் வந்து என் தொழுவத்தில் இருந்த காளைக் கன்றுக்குக் காதைக் குத்தி, நம்பர் போட்ட மஞ்சள் வில்லை அடித்துவிட்டுப் போனார்கள். மறுநாளும் காது சொட்டிக்கொண்டே இருந்தது. குட்டியானை வண்டி பிடித்துக் கள்ளக்குறிச்சி மாட்டு ஆஸ்பத்திரிக்குக் கன்றைக் கொண்டு போனேன். டாக்டர் சின்னப் பெண். கன்றின் கழுத்தில் ரத்தம் எடுத்து ஒரு கண்ணாடிக் குழாயில் விட்டாள். பக்கத்தில் நின்ற வேறொருவர் மாட்டிலிருந்தும் எடுத்து இன்னொரு குழாயில் விட்டாள். இரண்டையும் என்னிடம் கொடுத்து, "கைக்குள்ள மூடி வெச்சுக்கங்க ஆயா, சூடு வேணும்" என்றாள்.

அவ்வப்போது வந்து சாய்த்துப் பார்த்தாள். அடுத்தவர் மாட்டு ரத்தம் தயிர் தோய்ந்த மாதிரி நின்றுவிட்டது. எங்களுடையது சாய்த்த பக்கமெல்லாம் ஓடியது. அரை மணி நேரமாயிற்று. என் சூட்டிலாவது உறையட்டும் என்று கையை இன்னும் இறுக்கினேன்.

"இந்த மாட்டு வகையில இதுக்கு முன்ன காளக் கன்னு எதனா இப்டி செத்துருக்குதா?"

"இல்ல" என்றேன். வாய்ப் பழக்கம். பிறகு குழாயைப் பார்த்துவிட்டு, "நாலு" என்றேன்.

"ரத்தம் உறையறதுக்கு உள்ள ஒரு சத்து வேணும் ஆயா. இதுக்குப் பொறப்புலயே அது கம்மி. தாய் மாட்டுக்கு ஒண்ணும் தெரியாது, நல்லாத்தான் இருக்கும். காளக் கன்னு போட்டா பாதிக்குப் பாதி இப்டி ஆவும். பொட்டக் கன்னுல சிலது அத சொமந்துக்கினு போவும். மாட்டு டாக்டர் காலேஜுக்கு ரத்தம் அனுப்பிக் கேக்கறேன்."

"தொட்டவங்க கையினால வருமா?"

"கையில இன்னா இருக்குது? தாய் வழியா வரது."

கன்று பிழைக்கவில்லை. காலேஜிலும் அதையே சொன்னார்கள் என்று டாக்டர் போன் செய்தாள். மறுநாள் காலையிலேயே மூங்கில்துறைப்பட்டுக்குப் பஸ் ஏறினேன்.

"வாங்க சம்மந்தி. இன்னா, சொல்லாம கொள்ளாம?"

உட்காரவில்லை. வாசலிலேயே நின்று சொன்னேன். "கொற என் மாட்டுல, என் பொண்ணு கையில இல்ல. என் வூட்டுலயும் செத்துது, எங்கம்மா வூட்டுலயும் செத்துது."

சம்பந்தியம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "தெரிஞ்சேவா புடிச்சுக் குடுத்தீங்க? ஊரே நின்னு பாக்குற மாடுன்னீங்களே!"

அவள் பேசட்டும். எனக்கு வலித்தது அதனால் அல்ல. மகள் கதவோரம் நின்றிருந்தாள். "நான் போன்ல அழுதனே, அப்பவே தெரியுமாம்மா?" என்று மட்டும் கேட்டாள்.

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

அவள் தொழுவத்துக்குள் போனாள். யாரும் தடுக்கவில்லை. பசு அவள் முழங்கையை நக்கியது. அவிழ்த்து வந்து கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள்.

அந்தப் பசு இப்போது என் தொழுவத்தில் நிற்கிறது. அதற்கும் சரி, என்னிடம் இருந்த பசுவுக்கும் சரி, சினை ஊசி போடவில்லை. பால் வற்றிவிட்டது. எங்கள் வம்சத்து மாடு இவற்றோடு சரி. அங்கே வேறு பசு வாங்கியிருக்கிறார்களாம். என் மகள்தான் பால் கறக்கிறாளாம். மாப்பிள்ளை சொன்னார்.

மகள் வாரத்துக்கு ஒருமுறை போன் செய்வாள்.

"மாடு தின்னுதா?" என்பாள்.

"தின்னுதும்மா."

"சரி."

வேறு ஏதாவது கேட்பாளோ என்று நான் போனைக் காதிலேயே வைத்திருப்பேன்.